கணக்கொடுக்கம்: உத்தரமேரூர்ச் சாஸனத்தில் ஊர்ப்பணியாளர் ஒழுக்கம்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் திருக்கோயில் மண்டபத்தின் அடித்தளச் சுவரில் முதற் பராந்தக சோழனுடைய சாஸனங்கள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல் எழுந்தது, மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல் எழுந்தது. வீரநாராயணன் என்ற இவ்வரசனுடைய விருதுப் பெயரையே ஸ்ரீமந் நாதமுனிகள் திருவவதரித்த வீரநாராயணபுரமும் தாங்கி நிற்கின்றது. 1898-இல் படியெடுக்கப்பெற்ற இச்சாஸனங்களை வெங்கய்யா அவர்கள் தொல்பொருள் துறையின் 1904-05-ஆம் ஆண்டறிக்கையில் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளிவந்த தமது நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அன்று முதல் இச்சாஸனங்களைப் பற்றிப் பேசுவோர் மிகப் பலர். ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர் 'குடவோலை' என்னும் ஒரு சொல்லோடு நின்று, அதனை இக்காலத்து வாக்குச்சீட்டாகக் கொண்டு மகிழ்கின்றனர்.

குடவோலை வாக்குச்சீட்டன்று. பெரும்பான்மை காண்பது அதன் பயனுமன்று. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுப்பது திருவுளச்சீட்டு முறையைச் சார்ந்தது. இன்னார்க்கு இன்னார் வேண்டியவர் என்பதற்கு அங்கே இடமில்லை. இவ்வேறுபாட்டை மறந்தமையால் சாஸனத்தின் நடுநாயகமான பகுதி பலர் கண்ணிற் படாமற் போயிற்று. ஊர்ப்பணி ஏற்றவன் அப்பணியை நேர்மையாகவும் திறமையாகவும் செய்யுமாறு அவனை நிறுத்துவது எது என்ற வினாவே இச்சாஸனம் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்குச் சாஸனம் தரும் விடை குடத்தில் இல்லை, கணக்கில் உள்ளது. இதனைச் சாஸனத்தின் சொற்களையே பற்றிச் சென்று காண்பது தகும்.

முதலில் வாரியப் பெருமக்களுக்கு விதித்த தகுதிகள். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாயிருத்தல் வேண்டும். வெறும் நிலம் என்னாது 'இறைநிலம்' என்றது கருதத்தக்கது. இறை செலுத்துகிறவனுக்கே ஊர்ப்பொருள் வீணானால் தன் பொருளும் வீணாம் என்ற உணர்ச்சி உண்டாகும். அடுத்து, தன் மனையில் தானே அகம் எடுத்துக் குடியிருத்தல் வேண்டும். இன்று வந்து நாளை பெயர்ந்து செல்வோன் ஏரிக்கரையின் மடை கசிவதைப் பற்றி எவ்வளவு கவலை கொள்வான் என்பது சொல்லாமலே விளங்கும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். முந்திய 919-ஆம் ஆண்டுச் சாஸனத்தில் இது 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில் இளையோரைச் சிறிது விலக்கி முதியோரைச் சிறிது நீட்டினர் என்பது, எங்கோ ஓரிடத்தில் அனுபவக் குறைவு இடித்திருக்க வேண்டும் என்று கருத இடந்தருகின்றது.

கல்வித் தகுதியைச் சாஸனம் கூறும் முறை வியாக்யான ஸம்ப்ரதாயத்தில் பழகியோர்க்கு இனியதாகும். மந்த்ர ப்ராஹ்மணத்தைப் பிறர்க்கு ஓதுவிக்கும் அளவுக்கு வல்லவனாயிருக்க வேண்டும் என்பது பொது விதி. நிலம் அரைக்கால் வேலியே உடையவனாயினும், ஒரு வேதம் வல்லவனாய், நான்கு பாஷ்யங்களுள் ஒன்றனை 'வக்கணித்து' அறிவானாகில் அவனையும் கொள்ளலாம் என்பது சிறப்பு விதி. வக்கணித்தல் என்பது வ்யாக்யானித்தல் என்பதன் தமிழ் வடிவம். கற்றவன் என்று தானே சொல்லிக்கொள்வது போதாது. பலர் முன் விரித்துரைத்துக் காட்ட வல்லவனே கற்றவனாகக் கொள்ளப்பட்டான். அந்நான்கு பாஷ்யங்கள் எவை என்று சாஸனம் பெயர் கூறவில்லை. எம்பெருமானார்க்கு முற்பட்ட காலமாதலால் ஸ்ரீபாஷ்யம் அவற்றுள் அடங்காது என்பது மட்டும் தெளிவு. பாதி நிலத்துக்கு ஈடாக ஒரு பாஷ்யத்தை வைத்த அவ்வூராரின் அளவுகோல் சிந்திக்கத்தக்கது.

கல்வியோடு நிறுத்திவிடாமல் 'காரியத்தில் நிபுணராய்' இருத்தலையும் தனியே கூறினர். சாஸ்த்ரம் வல்லவன் யாவனும் காரியம் வல்லவனாகான் என்பதைச் சாஸ்த்ரம் வல்லவர்களே ஒப்புக்கொண்ட இடம் இது. இதன்பின் 'அர்த்த சௌசம்', 'ஆத்ம சௌசம்' என இரு சுத்திகள். அர்த்த சௌசமாவது பொருளை நேரிய வழியில் ஈட்டுதல். சுத்திகள் அனைத்திலும் பொருள் பற்றிய சுத்தியே மேலானது என்றும், மண்ணும் நீரும் கொண்டு செய்யும் சுத்தி அதற்கு ஈடன்று என்றும் மனு தம் ஐந்தாம் அத்யாயத்தில் கூறியதை இச்சொல் நினைவூட்டுகின்றது. ஸ்ம்ருதியில் ஆசாரமாகச் சொல்லப்பட்டதை உத்தரமேரூர்ச் சபையார் பதவிக்குரிய தகுதியாக ஆக்கிக்கொண்டனர்.

இத்தகைய முயற்சி உத்தரமேரூரில் திடீரெனத் தோன்றியதன்று. ஏறக்குறைய கி.பி. 800-ஐ ஒட்டி, பாண்டிநாட்டு மானூரில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பங்குடையோர் மக்களுள் மந்த்ர ப்ராஹ்மணமும் ஒரு தர்மமும் வல்ல நல்லொழுக்கமுடையோரே சபையில் மன்றாட வேண்டும் என்று வரையறுத்தது. சபையில் எது சொன்னாலும் 'அன்று, அன்று' என்று குறுக்கே நிற்போர்க்கும் அவர்க்குத் துணை நின்றோர்க்கும் ஐந்து காசு தண்டமும் விதித்தது. இத்தண்டம் இன்றும் நடைமுறையில் இருக்குமாயின் பல சபைகளின் பொருள் நிலை வெகுவாக உயர்ந்திருக்கும்! அது நிற்க. மானூர் விதி சபையில் பேசுவோனைப் பற்றியது; உத்தரமேரூர் விதி சபையின் காரியத்தைச் செய்வோனைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையே நூறாண்டு அனுபவம் உள்ளது.

இனி, ஓலை எடுக்கும் முறை. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டிருந்தது. குடும்பு தோறும் தகுதியுடையார் பெயரை எழுதி, வாயோலை பூட்டி, கட்டுக்கட்டாகக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாக மஹாஸபை கூடியிருக்க, திருக்கோயில் அர்ச்சகராகிய நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் உள்மண்டபத்தில் இருத்தப்படுவர். அவர்களுள் வயது முதிர்ந்தவர் எழுந்து, குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பாலகன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்டு, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படும். அதனைப் பெறுபவன் ஊர் மத்யஸ்தன். அவன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். ஏற்றுப் பெயரை வாசித்தபின், அதே ஓலையை அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அதன்பின்னரே அப்பெயர் கொள்ளப்படும்.

இங்கே ஒரு சங்கை எழலாம். மத்யஸ்தனிடத்தில் இவ்வளவு ஐயமிருந்தால் அவனை ஏன் அப்பணியில் வைத்தனர் என்பது. பரிஹாரம் வருமாறு: விரல் விரித்து ஏற்றல் அவனை ஐயுறுவதற்காக மட்டும் ஏற்பட்டதன்று, அவன்மேல் ஐயம் எழாமல் காப்பதற்காகவும் ஏற்பட்டது. முப்பது குடும்பார் அமர்ந்த சபையில், தோல்வியுற்ற ஒருவன் மறுநாள் தெருவில் நின்று மத்யஸ்தன் ஓலையை மாற்றினான் என்று சொல்ல முடியாதவாறு அவ்விதி அவனுக்குக் கவசமாயிற்று. நேர்மையாகப் பணிசெய்ய விரும்பும் ஊழியனுக்குத் தன் நேர்மை பிறர் கண்ணுக்குப் புலப்படும் வகையில் பணிமுறை அமைந்திருப்பதே பெரிய உதவி. நம்பிமாரைச் சான்றாக வைத்ததும் அக்கருத்தினாலேயே எனலாம். பெருமாள் திருமேனியைத் தீண்டும் கைகள் உடையோர் முன்னிலையில் ஓலை படிக்கப்பட்டது.

இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் ஸம்வத்ஸர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் ஆவர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் வேறாகக் குடவோலை எடுக்கப்பட்டது. ஸம்வத்ஸர வாரியத்துக்கு எல்லாரும் ஒருங்கே உரியரல்லர். முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியாலும் வயதாலும் மூத்தவர்களையுமே அதற்குக் கொண்டனர். சிறு பொறுப்பில் பழகியபின் பெரும் பொறுப்பு என்ற ஏற்பாடு இதிலுள்ளது. மறுபுறம், கடந்த மூன்றாண்டுகளுக்குள் எந்த வாரியமும் செய்தவன் மீண்டும் வரலாகாது என்றும் விதித்தனர். அனுபவமும் வேண்டும், ஆனால் ஒருவனே பதவியில் வேரூன்றுதலும் கூடாது என்று இரு திசையிலும் இழுத்த இவ்விதிகளை இணைத்து நடத்துவது எளிதாயிருந்திராது.

வாரியத்தாரின் காலம் 360 நாள். அது முடிந்ததும் அவர்கள் ஒழிய வேண்டும். இடையிலே ஒருவனிடத்தில் அபராதம் கண்டால் அப்போதே அவனை நீக்க வேண்டும். கௌடில்யர் அரசாங்கக் கணக்குக்கு 354 நாள் கொண்ட ஆண்டை ஆஷாட மாத முடிவோடு நிறுத்தினார், அது சாந்த்ரமானம். உத்தரமேரூரார் கொண்ட 360 ஸாவன மானம். எவ்வாறாயினும், நாளை எண்ணிப் பதவியை வரையறுக்கும் வழக்கம் இரு இடத்தும் ஒன்றே.

கௌடில்யரைக் குறிப்பிட்டமையால் ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீரிலுள்ள மீன் எப்போது நீர் குடிக்கிறது என்று அறிய முடியாததுபோல, பொருளைக் கையாளும் பணியாளன் எப்போது அதனை எடுக்கிறான் என்றும் அறிய முடியாது என்பது அவர் கருத்து. ஆதலால் தர்மம், அர்த்தம், காமம், பயம் என்னும் நான்கினாலும் மறைவாக ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் பரீக்ஷித்து, பொருளாசையில் வழுவாதவனைப் பொருட்பணியில் வைக்கச் சொன்னார். உத்தரமேரூரார் ஒற்றரையும் ஏவவில்லை. மனத்தைப் பரீக்ஷிக்கவும் புகவில்லை. மீன் குடித்த நீரைக் காண முயலாமல் குளத்தின் அளவைப் பார்த்தனர். அவ்வளவையே கணக்கு என்றனர்.

கணக்குக் காட்டாதவனுக்கு 921-ஆம் ஆண்டுச் சாஸனம் விதித்தது கடுமையானது. 919-இல், அப்போது வாரியம் செய்து ஒழிந்தவர்களுக்கு அணிய உறவினர் அல்லாதவராய் இருக்க வேண்டும் என்று பொதுவாகவே கூறப்பட்டிருந்தது. 921-இல் அப்பொதுச்சொல் போதாமையால், வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனும், அவனுடைய சிற்றவை பேரவ்வை மக்களும், அத்தை மாமன் மக்களும், தாய் தந்தையரோடு உடன்பிறந்தாரும், தன் உடன்பிறந்தானும், மாமனாரும், மனைவியின் உடன்பிறந்தானும், உடன்பிறந்தாளை மணந்தவனும், அவள் மக்களும், மருமகனும், தகப்பனும், மகனும் என்று பெயர் பெயராக அடுக்கப்பட்டது. இத்தனை உறவையும் ஒருவன் மனத்தாலே கற்பித்து எழுதியிருக்க மாட்டான். அவ்விரண்டாண்டுக்குள் யாரோ ஒருவர் கணக்குக் காட்டாமல் ஒழிந்து, தம் மைத்துனனையோ மருமகனையோ அவ்விடத்தில் அமர்த்த முயன்றிருக்க வேண்டும் என்று கொள்வதே இயல்பு. துஷ்டர் கெட்டு நல்லோர் வளர்வதற்காக என்று நோக்கம் கூறியதும் அதனோடு பொருந்துகின்றது. முந்திய முறை அரசாணையோடு வந்து உடனிருந்தவன் தத்தனூர் மூவேந்தவேளான். இம்முறை வந்தவர் ஸ்ரீவங்கநகரத்துக் கரஞ்சைக் கொண்டய க்ரமவித்த பட்டன் என்னும் சோமாசிப் பெருமான். வேள்வி செய்த அந்தணர் ஒருவரை அரசன் அனுப்பியது, சபையாரோடு அவர்களுடைய சாஸ்த்ர மொழியிலேயே பேச வல்லவர் வேண்டியிருந்தமையைக் காட்டுகின்றது போலும்.

விலக்கப்பட்டோர் வரிசையில் மஹாபாதகம் ஐந்தனுள் முன்னைய நான்கு செய்தோர், ஸாஹஸியர், பிறர் பொருள் கவர்ந்தோர், கூடலேகை என்னும் பொய்யோலை எழுதினோர், கழுதை ஏறினோர் முதலாயினார் காணப்படுகின்றனர். கழுதை ஏறினோர் என்பதற்கு, குற்றத்துக்குத் தண்டனையாக ஊரறிய ஏற்றப்பட்டோர் என்று பொருள் கொள்ளுதலே தகும். ஆயின் இவ்வரிசையில் ஸம்ப்ரதாயம் கற்றோர் ஆழ்ந்து நோக்கவேண்டியது ப்ராயச்சித்தம் பற்றியது. ஸம்ஸர்கத்தாலே, அதாவது கூடாதவரோடு கூடினமையாலே, பதிதனானவன் ப்ராயச்சித்தம் செய்யுமளவுமே விலக்கப்பட்டான். தானே பாதகம் செய்தவனோ, ப்ராயச்சித்தம் செய்து சுத்தனான பின்னும், உயிருள்ளளவும் வாரியத்துக்குப் பெயர் எழுதப்படான்.

பாபம் போயிற்று, அப்படியிருந்தும் அதிகாரம் திரும்பவில்லை. இது நியாயமோ என்ற ஆக்ஷேபம் எழும். இதே வினா ப்ரஹ்மஸூத்ரம் மூன்றாம் அத்யாயம் நான்காம் பாதத்தில் தத்பூதாதிகரணத்தில், ஆச்ரமத்தினின்று வழுவிய நைஷ்டிகர் முதலானோரைப் பற்றி எழுகின்றது. ப்ராயச்சித்தம் கல்மஷத்தைப் போக்க வல்லதேயாயினும், இழந்த அதிகாரத்தை உண்டாக்க வல்லதன்று என்ற கருத்தை பாஷ்யகாரர் அங்கே நிலைநாட்டுகிறார். உத்தரமேரூர்ச் சாஸனம் அவருக்கு நூறாண்டு முற்பட்டதாதலின் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுந்ததன்று. இரண்டும் ஒரே ஸ்ம்ருதி நிலத்தில் விளைந்தவை. எம்பெருமானுடைய வாத்ஸல்யம் குற்றத்தைக் காணாக் கண்ணிட்டிருக்கும். அது சரணாகதனுக்கும் எம்பெருமானுக்கும் இடையே உள்ளது. ஊர்ப்பொருளோ அப்பொருளுக்கு உரிய ஊரார் நம்பி ஒப்படைத்தது. அந்நம்பிக்கையை ஒருமுறை கெடுத்தவன் தான் செய்த சாந்த்ராயணத்தைக் காட்டி அதனைத் திரும்பக் கேட்கலாகாது என்று சபையார் துணிந்தனர். இது கடுமையென்று தோன்றலாம். ஊர்ப்பணத்தைக் கையாளும் இடத்தில் இக்கடுமை பிழையென்று சொல்லுதல் அரிது.

இத்தனை விதியும் வாரியத்தார் என்னும் ஓராண்டுப் பெருமக்களைப் பற்றியன. ஓராண்டுக்கொருமுறை அனைவரும் மாறினால், சென்ற ஆண்டு வயிரமேக தடாகத்தில் எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, எவன் எவ்வளவு பொன் இறுத்தான், எது நிலுவை என்பதெல்லாம் யார் நினைவில் நிற்கும்? மாறாது இருப்பவன் கணக்கெழுதுவோன் ஒருவனே. பெருமக்கள் எவ்வளவு விரைந்து மாறுகின்றனரோ அவ்வளவுக்கு அவன் கை ஓங்கும். பதவிக்காலத்தைக் குறுக்கியதால் எழும் இத்தீங்கைச் சபையார் உணர்ந்திருந்தனர் என்பது சாஸனத்தின் இறுதிப் பகுதியால் விளங்குகின்றது.

அங்கே விதிக்கப்பட்டவை சிலவே. மத்யஸ்தரும் அர்த்த சௌசமுடையாருமே ஊர்க்கணக்கு எழுத வேண்டும். எழுதினவன், பெருங்குறிப் பெருமக்கள் முன் தன் கணக்கைக் காட்டி, 'சுத்தன்' என்று அவர்கள் கண்டபின் அல்லது மறுபடியும் கணக்கில் புகலாகாது. தான் எழுதின கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதனை ஒடுக்கலாகாது.

இவற்றுள் 'தானே' என்றதற்கு ஒரு வியாக்யானம் வேண்டும். கணக்கெழுதினவன் ஒழிந்தபின் வந்தவன், முன்னவன் பிழையை மூடவும் கூடும், இல்லாத பிழையை அவன்மேல் ஏற்றவும் கூடும். இரண்டிலும் உண்மை கெடும். எழுதின கையே காட்ட வேண்டும் என்றால், ஒவ்வொரு வரியை எழுதும்போதும் இதனைப் பெருங்குறி முன் தன் வாயாலே சொல்ல வேண்டியிருக்கும் என்ற நினைவு அவனுக்கு இருந்துகொண்டே இருக்கும். 'ஒடுக்குதல்' என்ற சொல்லும் நன்று. விரிந்து கிடந்ததைச் சுருக்கி இறுதி செய்தல். இக்காலத்து அலுவலகங்களில் இருக்கை மாறியவுடன் பழைய கோப்புக்குப் புதியவர் விடையிறுப்பதும், பழையவர் மற்றோரிடத்தில் வேறு கோப்பைத் திறப்பதும் எங்கும் காணப்படுகின்றது. அந்த ஒரு வாசலைத்தான் இவ்விதி அடைத்தது. 'சுத்தன்' என்ற சொல்லை மேலே ப்ராயச்சித்தத்தின் இடத்திலும் கண்டோம். அங்கே சுத்தனானாலும் பதவியில்லை. இங்கே சுத்தனென்று கண்டால் மீண்டும் பணி உண்டு. தீர்த்தத்தினால் வந்த சுத்தியும் கணக்கினால் வந்த சுத்தியும் இச்சாஸனத்தில் வெவ்வேறாக நிற்கின்றன.

இச்சாஸனத்தைப் போற்றுங்கால் அதன் எல்லையையும் மறைத்தலாகாது. இது சதுர்வேதிமங்கலத்து அந்தணருள் நிலமுடைய ஆடவர்க்கு மட்டுமே உரிய ஏற்பாடு. நிலத்தை உழுதவர்க்கும், ஏரியின் மண்ணைச் சுமந்தவர்க்கும், பெண்டிர்க்கும் குடத்தில் ஓலையில்லை. இதனை எல்லா மக்களுக்கும் உரிய ஆட்சிமுறைபோல் மேடைகளில் முழங்குவோர் சாஸனத்தைப் படித்திலர். எனினும், ஆளும் உரிமை தம்மிடமே இருந்தும், தம்மவரையே நம்பாமல் தமக்கே விலங்கு பூட்டிக்கொண்ட சபை என்ற அளவில் அதன் சிறப்புக் குறையாது.

மத்யஸ்தன் என்ற பெயரே இரு சாராருக்கும் நடுவே நிற்பவன் என்று பொருள்படும். அவன் சபைக்கு ஊழியனாய் நின்று, சபையார் பணித்ததை எழுதுகிறவன். 921-ஆம் ஆண்டு இவ்வ்யவஸ்தை முழுவதையும், கணக்கெழுதுவோனைக் கட்டும் விதிகள் உட்பட, சபையார் இருந்து பணிக்க எழுதினவனும் அவ்வூர் மத்யஸ்தனே. தன் வர்க்கத்தைப் பற்றிய அவ்வரிகளை எழுதி முடித்து, இறுதியில் அவன் தன் பெயரையும் முழுமையாகப் பொறித்து வைத்தான்: காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்ரியன்.